வாய்ப்புண் என்று சொன்னோம்

நான் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியில் சென்ற மாதம் நர்ஸ்கள் கூட்டம் ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், புதிதாக வந்திருக்கும் கருவிகளைச் சுற்றிக் காட்டினார்கள். இப்போதெல்லாம் தொடையில் ஓர் ஊசி குத்தி, திரையில் படம் பார்த்தபடியே மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக நகர்த்தி, கட்டி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ப் புற்றுநோய் மருந்தை விடுகிறார்கள். மருந்தைத் தள்ளுவதற்கு ஒரு சின்ன பம்ப். இதையே நாங்கள் எழுபதுகளில் கிணற்று ராட்டினத்தை வைத்துச் செய்தோம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதுவரைக்கும் சரி.

பிறகு ஒரு பெண் எழுந்தாள். படித்து முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறாள் போல. "அந்தக் காலத்துப் பேஷண்டுங்க எல்லாம் நல்லா கோஆப்பரேட் பண்ணுவாங்களாமே மேடம்? இப்ப மாதிரி கேள்வி கேட்டுக் கொடைய மாட்டாங்களாமே?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. கழுத்தில் மாலை கிடந்ததால் ஏதோ மழுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரம்பலூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் ஒரே எரிச்சல். அந்தப் பெண்ணின் மேல் இல்லை. அவளுக்கு அப்படி யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த யாரோவின் மேல்தான். கேள்வி கேட்க மாட்டார்களாம். எப்படிக் கேட்பார்கள்? தனக்கு என்ன நோய் என்று தெரிந்தால்தானே கேள்வி வரும்? அதைத்தான் நாங்கள் சொல்லவே இல்லையே. மேடையில் சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

நர்ஸ் படிப்பைத் திருச்சியில் முடித்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிக்கக் கற்றேன், திட்டு வாங்கக் கற்றேன், நின்றுகொண்டே சாப்பிடக் கற்றேன். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்பட மாட்டார்கள்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் வாய்ப்புற்று அவ்வளவு வந்தது. காரணம் ஒன்றும் ரகசியமில்லை. தா.பழூர்ப் பக்கம் நடவு நடுகிற பெண்களும், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குகிறவர்களும் காலையில் வேலைக்கு இறங்கும்போதே கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வார்கள். பசி தெரியாது, அசதி தெரியாது. வருஷக்கணக்கில் அடக்கிய இடத்தில் வெள்ளையாகத் தடிக்கும், பிறகு புண்ணாகும், பிறகு வாயே திறக்காது. ஒரு விரல் நுழையாத வாயோடு, கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். அதற்குள் கட்டி தாடை எலும்பைப் பிடித்திருக்கும். நேரடியாக அறுத்தெடுக்க முடியாத அளவுக்குப் பரவியிருக்கும்.

இந்த நிலையில் இருந்தவர்களைத்தான் எங்கள் சீஃப், தலைமை டாக்டர், எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லப் போகிறேன், அதனால் நிறையை முதலில் சொல்லிவிட வேண்டும். மெட்ராஸில் பெரிய பெரிய சர்ஜன்களிடம் தொழில் பழகிவிட்டு, வேண்டுமென்றே எங்கள் வறண்ட பக்கத்துக்கு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். தப்புச் செய்தவளைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதுவே எங்களுக்குப் போதும். கை கழுவ ஆரம்பித்தால் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடும் என்று அட்டெண்டர் முணுமுணுப்பார். நோயாளியைத் தொடும் முன் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிற டாக்டரை அவருக்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அவர் செய்த வைத்தியம் இதுதான். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுக்கு அருகே ஒரு நாடி துடிக்கும். விரல் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஒரு சின்னக் கீறல் போடுவார். துடிக்கிற குழாயை நூலால் தூக்கிப் பிடித்து, அதில் ஓட்டை போட்டு, மெல்லிய பாலிதீன் குழாயை உள்ளே விடுவார். ரத்தம் கீழிருந்து மேலே வருகிறது, எங்கள் குழாய் அதை எதிர்த்து மேலிருந்து கீழே இறங்க வேண்டும். கன்னத்துக்குக் கிளை பிரியும் இடம்வரை போக வேண்டும், அதைத் தாண்டி இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் மருந்து மூளைக்குப் போய்விடும். திரையும் கிடையாது, படமும் கிடையாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் வழி கேட்டுப் போவார். ஆபரேஷன் தியேட்டரில் அப்போது மூச்சு விடவே யோசிப்போம்.

குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நீலச் சாயத்தை விடுவோம். விட்ட நொடியில் பாதி முகம் நீலமாகும். கன்னம், உதடு, நாக்கில் ஒரு பக்கம். கட்டி இருக்கிற இடம் நீலத்துக்குள் வந்துவிட்டால் சரி. நெற்றி மட்டும் நீலமானால் குழாயை மறுபடி நகர்த்துவார். எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் மஞ்சள் நிற மருந்தைப் பாட்டிலில் கலப்போம்.

ராட்டினம் அங்கேதான் வருகிறது. கையில் ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டினால் போதும். இதுவோ ரத்தம் வேகத்தோடு அடிக்கிற நாடிக்குழாய். பாட்டில் தாழ்வாக இருந்தால் மருந்து உள்ளே போவதற்குப் பதிலாக ரத்தம் குழாயில் மேலே ஏறிவிடும். ஆகவே வார்டு உத்தரத்தில் ஒரு கிணற்று ராட்டினத்தை மாட்டி, பாட்டிலைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு ஏற்றி, கயிற்றை ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போடுவோம். மின்சாரம் போனாலும் கவலையில்லை. பாட்டில் மாற்றுவதுதான் கண்டம். முதலில் குழாயைக் கிடுக்கியால் இறுக்க வேண்டும், பிறகுதான் பாட்டிலை இறக்க வேண்டும். புதுப் பாட்டில் மாட்டி, குமிழி இல்லாமல் காற்றை வெளியேற்றி, மேலே ஏற்றிவிட்டு, கடைசியாகக் கிடுக்கியைத் தளர்த்த வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆளே போய்விடலாம். மருந்து கன்னத்தைத் தாண்டி உடம்பெல்லாம் பரவும்போது அதை முறிப்பதற்கு இடுப்பில் இன்னொரு ஊசியும் போடுவோம்.

நோயாளியின் வீட்டு ஆண்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு சீஃப் இதை விளக்குகிற அழகே தனி. "ஊரெல்லாம் வெள்ளம் விடல. ஒரு மடையை மட்டும் திறந்து, நோயி இருக்கிற வயலுக்கு மட்டும் பாய்ச்சுறோம்" என்பார். எந்த விவசாயிக்கும் புரிந்துவிடும். மருந்து எந்த வழியில் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த மனுஷர், அது எந்த நோய்க்குப் போகிறது என்பதை மட்டும் அந்த நோயாளியிடம் சொல்ல மாட்டார்.

அது எங்கள் ஆஸ்பத்திரியின் சட்டம். ஆணோ பெண்ணோ, படுக்கையில் கிடக்கிறவரிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. வீட்டில் இன்னொரு ஆணைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார். சம்மதத் தாளில் கைரேகையும் அவரிடமே வாங்கிக்கொள்வார். நோயாளி கேட்டால் வாய்ப்புண் என்று சொல்ல வேண்டும். நாங்கள் எங்களுக்குள் பெரிய வாய்ப்புண், சின்ன வாய்ப்புண் என்று பேசிக்கொள்வோம். பெரியது என்றால் என்ன என்று வார்டு கூட்டுகிற அம்மாவுக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்குத் தெரியும். படுத்திருக்கிறவருக்குத் தெரியாது.

இதில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. எங்கள் மருந்து வேலை செய்தது. அதுதான் கோளாறு. கட்டி சுருங்கும், வாய் திறக்கும், நாற்றம் போகும், சோறு மெல்ல முடியும். ஆனால் வேர் உள்ளேயே இருக்கும். இப்படிச் சுருங்கி நிற்கும் கொஞ்ச காலத்துக்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால்தான் பிழைப்பு. மருந்து விடுவதே அந்த அறுவைக்கு வழி செய்யத்தான். நோயாளியோ தனக்கு வந்தது புண், புண் ஆறிவிட்டது என்று நினைக்கிறார். ஆறின புண்ணை அறுக்க யார் சம்மதிப்பார்கள்? மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

வீராசாமி என்று ஒருவர், ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காட்டில் காவல் இருந்தவர். அவருக்கு நன்றாகவே சுருங்கியது. சீஃப் அவரைப் போட்டோ எடுத்து, வெளியூரிலிருந்து வந்த டாக்டர்களுக்குக் காட்டினார். முந்திரி காய்த்து விழுகிற பருவம். தோப்புக்காரர் ஆள் விட்டார் என்று வீராசாமி கிளம்பிவிட்டார். நோயின் பெயரைக் கேட்டிருந்த அவருடைய அண்ணன், தம்பி வாய் திறந்து சாப்பிடுவதைப் பார்த்ததும் டாக்டர் அளவுக்கு மீறிப் பயமுறுத்திவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டார். நான் சீஃபிடம் ஓடினேன். வீட்டில் சொல்லியாயிற்று, அதற்கு மேல் நாம் என்ன செய்ய முடியும் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மழைக்காலத்தில் வீராசாமி திரும்பி வந்தார். கட்டி கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தண்ணீர் குடித்தால் கன்னத்து ஓட்டை வழியாக வழிந்தது. இனி ராட்டினமும் உதவாது, கத்தியும் உதவாது. அவர் இறந்துபோன பிறகு அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய்ப்புண்ணுக்குப் போயி ஆளு சாவானாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு என் வாயில் அடைத்துக்கொண்ட கோபம் இன்றுவரை முழுசாக இறங்கவில்லை.

நான் சீஃபிடம் கேட்டேன். அவரும் வருத்தமாகத்தான் இருந்தார். அதை மறுக்க மாட்டேன். தெரிந்திருந்தால் அந்த மனுஷர் இந்தச் சில மாதங்களை நிம்மதியாகக் கழித்திருப்பாரா சிஸ்டர் என்று கேட்டார். இந்த நியாயத்தை அவர் உண்மையாகவே நம்பினார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. சில மாத நிம்மதியைக் கொடுத்துவிட்டு, வருஷங்களை எடுத்துக்கொண்டோம். வீராசாமியிடம் எது வேண்டும் என்று யாராவது கேட்டோமா?

இதற்குப் பிறகு வந்தவள்தான் அஞ்சலை. தா.பழூர்ப் பக்கத்துக் கிராமம். நடவுக்குப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறவள். பண்ணைக்காரர்கள் அவளிடம்தான் வந்து பேசுவார்கள். எந்த வயலுக்கு எத்தனை ஆள், யார் முந்தி இறங்குவது என்று எல்லாம் அவள் சொல்வதுதான். பாதி திறக்காத வாயை வைத்துக்கொண்டே வார்டை இரண்டு நாளில் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். அவளுடைய கணவர் கோவிந்தன் அதற்கு நேர்மாறு. பேசுவதே கேட்காது. அவரைத்தான் சீஃப் அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. என்ன சொன்னாரு அய்யா என்று அஞ்சலை கேட்டதற்கு, புண்ணுதானாம், மருந்து ஏத்தினா சரியாயிடுமாம் என்றார்.

நீலச் சாயம் விட்ட அன்று அவள் கண்ணாடி கேட்டாள். சீஃப் எப்போதும் தர விட மாட்டார், பயப்படுவார்களாம். நான் என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பாதி நீலமாக இருந்த தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் தெருக்கூத்துக்குப் போகலாம், அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போகலாம் என்றாள். இவளா உண்மையைக் கேட்டால் இடிந்துபோவாள்?

அவளுக்கு மருந்து மற்ற எல்லாரையும்விட நன்றாகப் பிடித்தது. தலைக்கு மேலே பாட்டில் தொங்க, அசையாமல் கிடப்பது அவளுக்குத் தண்டனைதான். வாயின் ஒரு பக்கமெல்லாம் வெந்து போயிற்று. ஆனாலும் கிடந்தாள். ஒரு விரல் நுழையாத வாயில் மூன்று விரல் நுழைந்தது. குழாயை எடுத்த அன்று ரசம் சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டு மென்று காட்டினாள். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. சீஃப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று ஊரிலிருந்து சேதி வந்தது. சம்பா நடவு. அஞ்சலைக்கு அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. சீஃப் கோவிந்தனைக் கூப்பிட்டு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார். கோவிந்தன் வெளியே வந்து மனைவியிடம் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. அவர் திரும்பப் போய், அவ மாட்டேங்குறாளுங்க அய்யா என்றார். சீஃப் மறுபடி எடுத்துச் சொன்னார், இவர் மறுபடி வந்து கெஞ்சினார். இப்படி அந்த மனுஷர் அறைக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நடுவில் ஒரே ஒரு சுவர். அதைத் தாண்டி வந்து அவளிடமே சொல்லலாம் என்று சீஃபுக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் கூட இருந்தவர்கள் சாப்பிடப் போயிருந்த சமயம். அஞ்சலை தன் புடவையை மடித்து ஒயர் கூடைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆறிப்போன புண்ண எதுக்கு சிஸ்டரம்மா அறுக்கணும்? என்னைய வச்சித் தொழிலு பழகப் பாக்குறாரா அந்த அய்யா?" என்றாள்.

எனக்கு வீராசாமியின் கன்னம் கண்ணுக்குள் வந்தது. கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"அது புண்ணு இல்ல அஞ்சலை. புத்துநோய். கேன்சர்னு சொல்றது அதுதான். மருந்துல சுருங்கியிருக்கு, போகல. இப்ப எடுத்தா பொழைக்கிறதுக்கு வழி இருக்கு. வுட்டா திரும்ப வரும், அப்ப எந்த டாக்டராலயும் முடியாது."

கையில் இருந்த புடவையை மடித்து முடித்தாள். கூடையில் வைத்தாள். அழவில்லை, மயங்கியும் விழவில்லை.

"எங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒங்களுக்கு?"

"வந்த அன்னிக்கே தெரியும்."

"வார்டு கூட்டுற அம்மாவுக்கு?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"நோயி என்னுது. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது" என்றாள். குரலில் அழுகை இல்லை. கூலி பேசும்போது ஏமாற்றப் பார்த்த ஆளிடம் பேசுகிற குரல் அது.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். கீழ்த்தாடையில் ஒரு பக்கம் போய்விடும், கன்னத்தின் உட்சதை போய்விடும், நெஞ்சுத் தோலை எடுத்துத் திருப்பி அந்த இடத்தில் வைப்பார்கள், முகம் கோணிக்கொள்ளும், பேச்சு குழறும் என்றேன். தன் தாடையைக் கையால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை தடவிப் பார்த்தாள். அதற்குள் கோவிந்தன் டீ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குக் கேன்சராமே என்று அவள் கேட்டதும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். பாவம், இத்தனை நாளும் ஒற்றை ஆளாக அதைச் சுமந்திருக்கிறார்.

"அய்யாதான் சொன்னாரு. சொன்னா ஒனக்கு நெஞ்சு நின்னுடும்னாரு."

"நின்னுச்சா?" என்று கேட்டாள் அஞ்சலை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். சீஃப் அவள் கட்டிலுக்கு வந்ததும், "அய்யா, எனக்குப் புத்துநோயா?" என்று நேராகக் கேட்டாள். சீஃப் என் பக்கம் திரும்பி, இவளிடம் யார் சொன்னது என்று இங்கிலீஷில் கேட்டார். நான்தான் என்றேன். பாஷை தெரியாவிட்டாலும் அவளுக்கு நடப்பது புரிந்துவிட்டது. "நான் கேக்குறது ஒங்களங்க அய்யா" என்றாள். அத்தனை நாடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தவருக்கு இந்த ஒரு வார்த்தைக்கு வழி தெரியவில்லை. உன் புருஷனிடம் பேசுகிறேன் என்று அவளுடைய தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். தட்டின கையில் அன்பு இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றே அஞ்சலை ஊருக்குப் போகக் கிளம்பினாள். நடவை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறேன், ஆளுங்களை அந்தரத்தில் விட முடியாது என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் ஆஸ்பத்திரியில் யாரும் நம்பவில்லை. சீஃப் என்னைக் கூப்பிட்டு, நீங்க சொன்னீங்க, அவங்க ஓடிட்டாங்க, இதுக்காகத்தான் சொல்லக் கூடாதுங்கிறது என்றார். நாம் சொல்லாத வீராசாமியும் ஓடித்தானே போனார் என்று கேட்டேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆர்டர் சாயங்காலமே வந்துவிட்டது. வார்டு வேலையும் தியேட்டர் வேலையும் இனி எனக்கு இல்லை. புற நோயாளிகள் அறை வாசலில் நின்று பேர் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். ராட்டினத்துக் கயிற்றை அவிழ்த்து இறக்கத் தெரிந்தவளுக்குக் கதவைத் திறந்து மூடுகிற வேலை.

கூட வேலை செய்தவர்களும் எனக்காகப் பேசவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றார்கள். கோவிந்தனின் அண்ணன் வேறு வந்து வாசலில் நின்று, ஒரு பொம்பளையைப் பயமுறுத்தி விரட்டிவிட்டீர்களே என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் வராமல் போனால் அந்த ஆஸ்பத்திரியில் இனி யாரும் யாருக்கும் உண்மையைச் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதைவிட, அவள் கன்னத்திலும் ஓட்டை விழும் என்று தெரியும்.

வந்தாள். சொன்னபடியே, நடவை ஒப்படைத்துவிட்டு, ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி வந்தாள். கால் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது. ஒப்படைக்கப் போனவள் சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டாள், வயலில் இறங்கியிருப்பாள்.

சீஃப் வழக்கம்போலக் கோவிந்தனை அறைக்குள் கூப்பிட்டார். அஞ்சலை பின்னாலேயே நுழைந்தாள். கதவைத் திறந்துவிட்டது நான்தான், மூடச் சொன்னார், உள்ளே நின்றபடியே மெதுவாக மூடினேன். சீஃப் நாற்காலியைக் கோவிந்தனுக்குக் காட்டினார். கோவிந்தன் நின்றுகொண்டார், அஞ்சலை உட்கார்ந்தாள். ஆபரேஷன் சம்மதத் தாளை எடுத்துக் கோவிந்தன் பக்கம் வைத்து மைப்பெட்டியைத் திறந்தார். அவள் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கட்டை விரலை அழுத்தி எடுத்து, எங்கே வைக்கணும் என்று கேட்டாள். சீஃப் இடத்தைக் காட்டினார். அந்தப் பெட்டியில் ஒரு நோயாளியின் விரல் பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆபரேஷன் நாள் முழுக்க நான் வாசலில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே சீஃப் தன் வாழ்நாளிலேயே அருமையான வேலையைச் செய்தார் என்று தியேட்டர் சிஸ்டர் சொன்னாள். நம்புகிறேன். பிறகு அவளை வெளியூர் அனுப்பிக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். முகம் ஒரு பக்கம் உள்ளே போயிற்று, வாய் கோணிற்று, நெஞ்சில் பெரிய தழும்பு. புகையிலையை விட்டாள். அடுத்த நடவுக்கு அவள் குரல் குழறிக்கொண்டு முன்னால் போயிற்று, பெண்கள் பின்னால் இறங்கினார்கள்.

சீஃப் மாறினாரா என்று கேட்பீர்கள். அடுத்த நோயாளிக்கும் வாய்ப்புண் என்றுதான் சொன்னார். அதற்கடுத்தவருக்கும் அப்படித்தான். அந்த ஆஸ்பத்திரியில் நான் இருந்தவரைக்கும் அறைக்கதவு சாத்தித்தான் இருந்தது. போட்டோவில் சுருங்கிய கட்டிகள் நிறைய இருந்தன, அந்த ஆட்களில் எத்தனை பேர் ஆபரேஷனுக்கு நின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் எல்லாரும் நன்றாக ஒத்துழைத்தார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அஞ்சலை செக்கப்புக்கு வந்துகொண்டிருந்தாள். வருஷங்கள் ஓடின. ஒரு தடவை கோவிந்தனும் கூட வந்திருந்தார். நான்தான் பேர் கூப்பிட்டு உள்ளே அனுப்பினேன், கதவோரம் நின்றேன். சீஃப் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். எங்கேயும் ஒன்றும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது, எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. டார்ச்சை அணைத்தார். அவளைத் தாண்டி, பின்னால் நின்ற கோவிந்தனை நிமிர்ந்து பார்த்து, "முழுசா சரியாயிடுச்சு. இனிமே பயமில்ல. அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார்.

அவள் அவருக்கும் கோவிந்தனுக்கும் நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

கோவிந்தன் பாவம், சொன்னதைச் செய்கிறவர். குனிந்து, "அஞ்சலை, டாக்டரு சொல்றாரு..." என்று ஆரம்பித்தார்.

"கேக்குதுய்யா" என்றாள் அவள், கோணின வாயால் சீஃபைப் பார்த்தபடி. "தாடையத்தான எடுத்தாரு. காத எடுக்கலியே."